நட்சத்திரம் போட்ட கட்டம்

போன வாரம் ஹரிணி போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். "அக்கா, எப்பிடி இருக்கீங்க?" என்று அவள் ஆரம்பித்தாலே எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். வேலை சுமுகமாக நடக்கும்போது ஓய்வு பெற்றவளின் ஞாபகம் யாருக்கு வரும்?

"செராமிக் கம்பெனி சாஃப்ட்வேர போனுக்கு மாத்திக்கிட்டு இருக்கோம்க்கா. சூளையில சரக்கு ஏத்தறப்ப நிரப்பற ஸ்கிரீன் இருக்குதுல்ல, அதுல எத்தன ஏத்துனோம்னு கேக்குறீங்க. எத்தன நல்லா வரும்னு கேக்கவே இல்லியே? ஆர்டர் புடிக்க அதானே முக்கியம்? இப்ப இருக்கற முதலாளி அத ஸ்டார் போட்டு வெக்கச் சொல்றாரு. அப்ப மறந்துட்டீங்களாக்கா?"

மறந்துட்டீங்களா என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டம் இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தது. நட்சத்திரம் இருந்தால் அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அதை நாங்கள்தான் பிடுங்கி எறிந்தோம். "ஏன்க்கா?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது இல்லை, தேவசகாயம் சாருடையது. எனக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அது இனிமேல் நடக்காது என்பதும் தெரியும்.

என் வேலை என்ன என்று சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. "என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கட்டம் போடறா" என்று அம்மா கல்யாண வீட்டில் சொல்லிவைத்து, பெரியப்பா வீட்டு ஆட்கள் பேரனின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் போட்டது வேறு கட்டம். பெயர், ஊர், தேதி, எண்ணிக்கை என்று கம்ப்யூட்டரில் வரிசையாக நிரப்புகிறார்களே, அந்தப் படிவத் திரைகளை அமைப்பது. எந்தக் கட்டம் முதலில், எது பக்கத்தில், எதைக் கட்டாயமாகக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது. இதற்கு ஒரு சம்பளமா என்பார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, பதிவு செய்கிற பெண் ஒவ்வொரு கட்டமாகத் தேடுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு இதற்கு ஏன் சம்பளம் என்று தெரியும்.

வேப்பூர் ரோட்டுக் கிராமம் எங்களுடையது. விருத்தாசலத்தில் காலேஜ், பிறகு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், பிறகு ஜங்ஷன் ரோட்டில் டயர் கடைக்கு மேல் இருந்த இந்தக் கம்பெனி. அப்போதெல்லாம் செருப்பை வாசலில் விட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சாயங்காலம் கிளம்பும்போது மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வருவோம், என்னமோ அதற்குக் குளிரப்போகிற மாதிரி.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. சர்ச்சில் பாடுகிறவர். மாடியில் அவர் "புவனா" என்று கூப்பிட்டால் கீழே டீக்கடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். அந்த டப்பாவில் இருந்தது கிராம்பு.

கிராம்பு எதற்கென்று சொல்ல வேண்டும். திரையை அமைக்கும் முன்னாலும் அமைத்த பின்னாலும், அதில் உட்காரப்போகிற ஆளின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு நாங்கள் உட்கார வேண்டும். கை மடியில் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆள் தப்பான கட்டத்துக்குப் போவார், தடுமாறுவார், நம்மைத் திரும்பிப் பார்ப்பார். "அது இல்லங்க, மேல பாருங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் போச்சு. நாளைக்கு நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம், அவர் தடுமாறிய இடம் நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் சார் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார். எனக்கும் ஒன்று தருவார். கடிக்கக் கூடாது. "கடிச்சீன்னா வாய் எரியும், எரிஞ்சா வாயத் தொறப்ப, தொறந்தா நீ தோத்த" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. திரை தயாரானதும் மானிட்டர் மேல் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டு மூடிவிடுவார். என்னிடம் ஒரு பழைய ரசீதைக் கொடுத்து, திரையைப் பார்க்காமல் அடி என்பார். வேலை நெருக்கடியில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை, கண் காகிதத்தில் இருக்கும், கை தானாகப் போகும். காகிதத்தில் இருக்கிற வரிசையும் திரையில் இருக்கிற வரிசையும் வேறாக இருந்தால், துண்டைத் தூக்கும்போது ஊர் இருக்க வேண்டிய கட்டத்தில் பெயர் இருக்கும். "கை தடுமாறுற எடத்துல ஆள் தப்பு இல்ல, ஸ்கிரீன் தப்பு" என்று சொல்லி, நான் மாங்கு மாங்கென்று வரைந்ததை ஒரே கோட்டில் அடித்துவிடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். படியிறங்கிப் போய் டீ குடித்துவிட்டு, வைத வசையெல்லாம் தீர்ந்த பிறகு மேலே வந்து மறுபடி வரைவேன்.

எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறோம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ஜவுளிக் கடை, திட்டக்குடியில் ஒரு அரிசி ஆலை. பிறந்த தேதி கேட்கிற கட்டத்தைப் பற்றி மட்டுமே நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே ஜூன் மாதத்தில்தான் பிறந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி. ஆனால் ஹரிணி கேட்டது சூளையைப் பற்றி.

எங்கள் ஊரில் பீங்கான் என்றால் ஃபியூஸ் கட்டை, பொம்மை, கழிப்பறைச் சாமான். அந்தக் கம்பெனி ஃபியூஸ் கட்டை சுடுகிற இடம். சூளைக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, அதற்குள் நாங்கள் அமைத்துக் கொடுத்த திரை, அதற்கு முன்னால் செல்வி. சரக்கு அடுக்கிய டிராலி வந்து நின்றதும் அவள் விவரத்தை அடிப்பாள், ஒரு சீட்டு அச்சாகி வரும், சீட்டைக் கட்டினால்தான் டிராலி சூளைக்குள் போகும். அவளுடைய அப்பாவும் அதே சூளையில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு படுத்துவிட்டார். தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

ஒரு நாள் முதலாளி எங்களை வரச்சொன்னார். கொதித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்தபோது ரொம்ப நாள் பழக்கமான ஒரு வியாபாரி சரக்கு கேட்டிருக்கிறார். வரப்போகும் சரக்கு எவ்வளவு என்று இவர் ஆபீசில் கேட்க, கணக்கப்பிள்ளை மெஷின் காட்டிய மொத்தத்தைப் போனில் படித்திருக்கிறார். சொற்பம். சரி, இல்லை என்று கையை விரித்துவிட்டார். வியாபாரி வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் குடோனில் காலை வைக்க இடமில்லாமல் சரக்கு.

"டிராலி நெறைய சரக்கு ஏத்திட்டு, எத்தினி நல்லா வரும்ங்கற எடத்துல அந்தப் பொண்ணு ஒண்ணுன்னு போட்டு வெச்சிருக்குது. ஒரு டிராலி இல்ல, எல்லா டிராலிக்கும் ஒண்ணு. வேல செய்ய வந்தாளா வெளயாட வந்தாளா? இந்த மாசத்தோட அனுப்பிடறேன். நீங்க அடுத்து வர்றவ இந்த மாதிரி அடிக்க முடியாம பூட்டு போட்டுக் குடுங்க" என்றார்.

எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஏற்றியதில் பாதிக்குக் குறைவாக எண் போட்டால் கத்து என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டியதுதான். அங்கேயே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். சார் என்னைப் பார்த்து டப்பாவைத் திறந்தார்.

ஆளுக்கொரு கிராம்பு. செல்விக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது, எங்களைக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். அவள் விரலில் மண் பொடி, கீபோர்டு மேல் போட்ட பிளாஸ்டிக் உறையும் வெள்ளையாக இருந்தது. டிராலி வந்தது. தேதி, சூளை, சரக்கு, எண்ணிக்கை எல்லாம் கடகடவென்று போயிற்று. நட்சத்திரக் கட்டத்தில் கை நின்றது. எழுந்து வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். சூளை மேஸ்திரி கோவிந்தனிடம் ஏதோ கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வந்தாள். அந்த டிராலிக்குப் பின்னால் இன்னொரு டிராலி வந்து நின்றுவிட்டது, தள்ளுகிறவன் கண்ணாடியைத் தட்டினான். செல்வி வெறுமனே தாண்டிப் போகப் பார்த்தாள், மெஷின் பீப் என்றது. சைபர் போட்டாள், மறுபடியும் பீப். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, ஒன்று என்று அடித்தாள். சீட்டு வந்தது. டிராலி உள்ளே போயிற்று.

சார் கிராம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏம்மா ஒண்ணு?"

"ஒண்ணு போட்டா வுட்டுடுதுங்க சார்" என்றாள். "இதுக்கு முன்ன வெளியூரு சூப்பர்வைசர் ஒருத்தரு இருந்தாரு, அவரு வாய்க்கு வந்தத சொல்லுவாரு, அடிப்பேன். அவரு நின்னுட்டாரு. மேஸ்திரிகிட்ட கேட்டா திட்றாரு. நானா எப்பிடிங்க ஒரு நம்பரு போடறது? அப்பாவும் சூளைல இருந்தவருதான், எனுக்கே வாய் வராதுங்க. ஒண்ணாவது முழுசா வரணும்னு வேண்டிக்கிட்டு ஒண்ணு போடறேன்."

மேஸ்திரியிடம் போனோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "சூளைக்கு எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் கொளுத்தி, கதவ மூடறோம். தொறக்கற வரைக்கும் உள்ள இருக்கறது எங்குளுது இல்ல. எத்தினி தேறும்னு வாயால சொன்னா அத்தினியும் வெடிக்கும். மாசமா இருக்கற பொண்ணுகிட்ட போயி, பொறக்கறதுல எது தங்கும்னு கேப்பீங்களா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சார் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முதலாளி அறைக்கு மாடிப்படி ஏறும்போது சார் தனக்குள் சொல்லிக்கொண்டார்: "சைபர் எடுக்காதன்னு வேற நான் எழுதி வெச்சிருக்கேன் பாரு."

முதலாளி முன்னால் நின்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அந்தக் கட்டத்த நீங்க கேட்டீங்க, நான் வெச்சேன். அந்தப் பொண்ணு கேக்கல. சொல்ல முடியாதத சொல்லு சொல்லுன்னு கழுத்தப் புடிச்சது என் ஸ்கிரீன். கழுத்தப் புடிச்சா யாரும் எதையாவது சொல்லிட்டுத்தான் தப்பிப்பாங்க. அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க."

அந்தக் குரல் கொஞ்சம் கூட உயரவில்லை. ஆனாலும் கணக்கப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். முதலாளி, "அப்ப யாவாரிக்கு நான் என்னா சொல்றது? சூடத்தையா காட்டறது?" என்றார். நியாயமான கேள்விதான். சார் சொன்னார், முந்தைய சூளைகளில் ஏற்றியதும் இறக்கியதும் ஏற்கெனவே மெஷினில் இருக்கிறது. கதவு திறந்த பிறகு எண்ணினால் யாருக்கும் கோபமில்லை. அதை வைத்து வரப்போவதை மெஷினே போட்டுக்கொள்ளட்டும், அந்த எண் ஆபீஸ் திரையில் மட்டும் வரட்டும், சூளைப் பக்கம் வர வேண்டாம். முதலாளி யோசித்தார். "சரி. இப்ப மூடியிருக்கற சூளைக்கே போட்டுக் காட்டுங்க. தொறக்கறப்ப ஒத்துவரலன்னா அந்தப் பொண்ணு அன்னிக்கே வூட்டுக்குப் போவணும்."

கட்டத்தை எடுத்தோம். கணக்கை நான் எழுதினேன். மெஷின் ஒரு எண்ணைச் சொன்னது. முதலாளி அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சூளை ஆறுகிறவரை காத்திருந்தோம். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை. மேஸ்திரி வந்து செல்வியின் திரையை எட்டிப் பார்த்து, அந்தக் கட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்.

கதவு திறந்த அன்றைக்கு வெளியில் வந்த அனல் இன்னும் என் முகத்தில் இருக்கிறது. மேஸ்திரி சூடம் காட்டினார். டிராலி வெளியே வந்தது. விரிசல் விட்டதையும் கோணியதையும் தட்டித் தட்டி ஒதுக்கினார்கள். நல்ல கட்டையைத் தட்டினால் கிண் என்று ஒரு சத்தம் வரும், செல்வி ஒவ்வொரு சத்தத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் முதலாளி பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். கணக்கும் சரக்கும் அச்சாக ஒன்றாக இல்லை, ஆனால் பக்கத்தில் வந்திருந்தது. இந்த வித்தியாசத்துக்கு வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். முதலாளி செல்வியைப் பார்த்து, "போம்மா, போயி வேலையப் பாரு" என்றார். அவள் அறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சார் அந்தப் பக்கம் திரும்பாமல், கிராம்பு டப்பாவை மேஸ்திரியிடம் நீட்டினார்.

முதலாளி அடுத்த வேலையை எங்களுக்குத் தரவில்லை. என்னை அனுப்புங்க என்றாரே சார், அனுப்பிவிட்டார். பிறகு வந்தவர்கள் திரையை எத்தனையோ தடவை மாற்றினார்கள், பச்சை எழுத்து போய் வண்ணம் வந்தது, கடைசியில் சுற்றி வளைத்து எங்கள் கம்பெனிக்கே அந்த வேலை திரும்பியும் வந்தது. அந்தக் கட்டம் இருந்த இடம் மட்டும் காலியாகவே இருந்தது. செல்வியும் அங்கேயே இருந்து, தம்பி தங்கையைக் கரையேற்றி, பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள்.

எனக்கு ஏக்கம் என்னவென்றால், அந்த ஸ்டூல். இப்போது எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் கை நிற்கிறது என்பதை மெஷினே அளந்து படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது, ஹரிணி காட்டினாள், அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் செல்வி கண்ணை மூடித் திறந்தது தெரியுமா? வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாராவது போனை நோண்டினால் போதும், என் கை தானாக மடிக்கு வந்துவிடுகிறது. பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது எதையாவது நிரப்பிக்கொண்டிருந்தால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன். பக்கத்தில் சார் இருந்து "ம்?" என்று ஒரு சத்தம் கொடுக்க மாட்டாரா என்றிருக்கிறது.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. அதற்குப் பிறகு போன வருஷம் ஸ்டெல்லா டீச்சர், அவர் மனைவி, இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்வந்த நான் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் குரல் இல்லாத வீட்டில் எப்படி உட்கார்வது என்று பயம். மகள்தான் கதவைத் திறந்தாள். "வாங்கத்தே. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அப்பாவே போன்ல பதிவு பண்றேன்னு புடுங்கி வெச்சிருக்காரு. நான் பண்றேன்னா குடுக்க மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சார் என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது. இடது கையால் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார். நான் கைப்பையிலிருந்து கிராம்பை எடுத்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

இடது கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பெயர். வயது. ஊர். என் கை மடியில் இருந்தது. அடுத்த கட்டம் வந்தது. மனைவி அல்லது கணவரின் கைபேசி எண். பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

விரல் நின்றது. வெறுமனே தாண்டிப் போகப் பார்த்தார், கட்டம் சிவந்தது. மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் சிவந்தது. யார் இதை வைத்தது, ஒரு நாளாவது யார் பக்கத்திலாவது உட்கார்ந்து பார்த்தார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. கொடுங்க சார், மகள் நம்பரைப் போடலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. மடியை விட்டுக் கை எழுந்துவிட்டது. இறக்கிக்கொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று என்று அடித்தார். பக்கத்தில் இன்னொரு ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சிவப்பு போகிறவரை ஒன்று ஒன்றாக அடித்துக்கொண்டே போனார். போயிற்று. விட்டுவிட்டது.

என் பக்கம் திரும்பினார். பாதி வாய் சிரித்தது, கண் இரண்டும் நிறைந்திருந்தது. என் வாய் எரிந்தது. நான் கிராம்பைக் கடித்திருந்தேன்.